உறைவிடம் ஈதல்: வீடற்றோர்க்கு வாயில் திறந்தோர் வரலாறு

தமிழில் 'வீடு' என்னும் சொல் இருபொருள் உடையது. சுற்றத்தோடு கூடி வாழும் இல்லமும் வீடே. வினைகள் அனைத்தும் நீங்கிய உயிர் எய்தும் பேரின்ப நிலையும் வீடே. பின்னதைப் பெறுதற்கு முன்னதைத் தாமே விரும்பித் துறந்தோரைச் சமணம் 'அநகாரர்' என்று போற்றும். அகாரம் என்பது இல்லம்; அஃது இல்லாதவர் அநகாரர். அவர்க்குத் தங்குமிடம் அளித்தல் இல்லறத்தார் கடமைகளுள் ஒன்று. உணவு, மருந்து, உபகரணம், உறைவிடம் என்னும் நான்கையும் ஈந்து தொண்டு செய்க என்று சமந்தபத்திரர் தம் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் வகுத்துரைத்தார். கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலையில், சேர மரபினன் ஒருவன் இளவரசுப் பட்டம் ஏற்றபொழுது செங்காயபன் என்னும் சமண முனிவர்க்கு உறைவிடம் அமைத்துக் கொடுத்த செய்தியைத் தமிழிக் கல்வெட்டு இன்றும் சொல்லி நிற்கிறது.

விரும்பித் துறந்தவர் நிலை அது. விரும்பாமலே வீட்டை இழந்தவர் நிலை வேறு. வேலை இழப்பு, நோய், மனநலக் குறை, குடும்பப் பிரிவு, வாடகை ஏற்றம் ஆகிய இவற்றுள் ஒன்றோ பலவோ சேர்ந்து ஒருவரைத் தெருவில் நிறுத்திவிடுகின்றன. அவர்க்கு உதவ முன்வரும் தொண்டு நிறுவனங்களுக்கு உள்ளம் இருக்கும், கட்டடம் இராது. ஆகவே அவை கட்டட உரிமையாளரை நாடி, "குத்தகைக்குத் தாருங்கள்" என்று கேட்கின்றன. அப்பொழுது உரிமையாளர் உள்ளத்தில் அறமும் அச்சமும் ஒருங்கே எழுகின்றன. வாடகை தவறாமல் வருமா? கட்டடம் பழுதாகாதா? அண்டை வீட்டார் என்ன சொல்வர்? கொடுத்த இடம் திரும்பக் கிடைக்குமா?

இவ்வினாக்களை ஈயாமையின் அடையாளம் என்று ஒதுக்குதல் எளிது, ஆயினும் முறையன்று. ஒரே வீட்டின் வாடகையை நம்பி முதுமையைக் கழிப்பவரும் உரிமையாளரே. பொதுச் சொத்தைக் காக்கும் பொறுப்பேற்ற அறக்கட்டளையும் உரிமையாளரே. கடந்த நூற்றறுபது ஆண்டுகளில் உலகின் பல நகரங்களில் இவ்வினாக்கள் எழுந்துள்ளன. அவற்றிற்கு விடைகளும் காணப்பட்டுள்ளன. அவ்வரலாறு அறியத் தக்கது.

இலண்டன்: ஐந்து விழுக்காடும் அறமும்

1865ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் மேரிலிபோன் பகுதியில் 'பாரடைஸ் பிளேஸ்' என்றொரு சந்து இருந்தது. பெயர் சொர்க்கம், நிலையோ நரகம். ஒரே அறையில் ஒரு குடும்பம் அடைந்து கிடக்கும் பாழடைந்த வீடுகள் அங்கு இருந்தன. அவற்றுள் மூன்று வீடுகளின் குத்தகை உரிமையை ஜான் ரஸ்கின் என்னும் புகழ்பெற்ற கலைத் திறனாய்வாளர் 750 பவுன் கொடுத்து வாங்கினார். தந்தையார் விட்டுச்சென்ற செல்வம் அவரிடம் இருந்தது. வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஆக்டேவியா ஹில் என்னும் இளம்பெண்ணிடம் ஒப்படைத்தார். அவ்வம்மையாரின் பாட்டனார் சவுத்வுட் ஸ்மித், பொதுச் சுகாதாரச் சீர்திருத்தத்திற்காக உழைத்த மருத்துவர்.

ரஸ்கின் ஒரு நிபந்தனை விதித்தார். இட்ட முதலுக்கு ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு வருவாய் வரவேண்டும் என்பது அது. செல்வர்க்கு எதற்கு இந்தக் கணக்கு என்று தோன்றலாம். அவர் கருதியது வேறு. ஏழைகளுக்கு வீடு கொடுப்பதில் இழப்பில்லை என்று காட்டினால்தான் ஏனைய முதலாளிகளும் முன்வருவர். கொடையாக மட்டும் செய்தால் அது ஒருவர் செயலாகவே நின்றுவிடும்.

ஆக்டேவியா ஹில் வாரந்தோறும் தாமே சென்று வாடகை வாங்கினார். வாடகை வாங்கும் நேரமே குடியிருப்போர் நலம் கேட்கும் நேரமும் ஆயிற்று. ஒழுகும் கூரை, அடைபட்ட சாக்கடை, வேலை இழந்த தந்தை ஆகிய எல்லாம் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. பழுது பார்ப்பதற்கென ஒதுக்கிய தொகையில் மீதம் இருந்தால், அதைக்கொண்டு எந்த வசதி வேண்டும் என்பதைக் குடியிருப்போரே சொல்லலாம் என்று விட்டார். ஆகவே உடைப்பவர் குறைந்தனர், காப்பவர் மிகுந்தனர். 1874 அளவில் அவர் பொறுப்பில் பதினைந்து குடியிருப்புத் திட்டங்களும் ஏறத்தாழ 3,000 குடியிருப்போரும் இருந்தனர். 1884இல் இங்கிலாந்துத் திருச்சபையின் சொத்துகளைக் காத்துவந்த ஆணையர்கள், சவுத்வார்க் பகுதியில் சீர்கெட்டுக் கிடந்த தங்கள் வீடுகளைப் பார்த்துக்கொள்ளும்படி அவரையே வேண்டினர். ஒரு சமய நிறுவனம் தன் மனைகளின் நிலை கண்டு, திறமையுடைய ஒருவரைத் தேடிச் சென்ற நிகழ்ச்சி அது.

உரிமையாளர்க்கும் குடியிருப்போர்க்கும் நடுவே, இருவர் நலமும் அறிந்த ஒருவர் நின்றால் வீடும் காக்கப்படும், மனிதரும் காக்கப்படுவர் என்பது இலண்டன் காட்டிய முதற்பாடம். ஆயினும் அம்முறைக்கு ஓர் எல்லை இருந்தது. ஆக்டேவியா ஹில் வாடகை விஷயத்தில் கண்டிப்பானவர். தொடர்ந்து செலுத்தாதவரை வெளியேற்றினார். வாரக்கூலி பெற்றவர் வாழ்ந்தனர். அதுவும் பெற இயலாதவர் தெருவிலேயே நின்றனர். அவரைப் பற்றிய வினா அடுத்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது.

வாஷிங்டன்: அரசே உரிமையாளர் ஆனபோது

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1980களின் தொடக்கத்தில் தெருவில் உறங்குவோர் தொகை திடீரெனப் பெருகியது. காரணங்கள் பல. மாத வாடகைக்கு ஒற்றை அறை தந்துவந்த மலிவான விடுதிகள் நகரச் சீரமைப்பின் பெயரால் இடிக்கப்பட்டன. பெரிய மனநல மருத்துவமனைகளிலிருந்து நோயாளிகள் வெளியே அனுப்பப்பட்டனர்; வெளியே அவர்களைப் பேணும் ஏற்பாடு போதிய அளவில் அமையவில்லை. 1982இல் வேலையின்மை பத்து விழுக்காட்டைக் கடந்தது. எத்தனை பேர் வீடற்றோர் என்பதே பெரும் பூசலாயிற்று. இருபது முதல் முப்பது இலட்சம் பேர் என்றனர் தொண்டர்கள். இரண்டரை முதல் மூன்றரை இலட்சம் பேரே என்று 1984இல் அரசின் வீட்டுவசதித் துறை அறிக்கை வெளியிட்டது.

தலைநகர் வாஷிங்டனில் 'ஆக்கமுறை அகிம்சைச் சமூகம்' என்னும் பொருள்படும் பெயருடன் ஒரு தொண்டுக் குழு 1970 முதல் இயங்கிவந்தது. வியட்நாம் போரை எதிர்க்கத் தோன்றிய குழு, பின்னர்ப் பசித்தோர்க்கு உணவளிப்பதிலும் வீடற்றோர்க்கு இடமளிப்பதிலும் முனைந்தது. மிட்ச் ஸ்னைடர் என்பவர் அதன் முன்னணித் தொண்டர். நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அணித்தே, இரண்டாம் தெருவில், முன்பு கல்லூரி நடைபெற்ற பெரிய கட்டடம் ஒன்று வெறுமையாய்க் கிடந்தது. அது நடுவண் அரசின் உடைமை. 1984 சனவரியில், கடுங்குளிர்க் காலத்திற்கு மட்டும் என்னும் வரையறையோடு, அரசு அதனைத் தங்குமிடமாக நடத்த அக்குழுவிடம் விட்டது.

குளிர் நீங்கியது; தங்கியிருந்தோர் நீங்கவில்லை. நீங்கினால் செல்வதற்கு அவர்க்கு இடமில்லை. இங்கேதான் உரிமையாளர் அனைவரும் அஞ்சும் நிலை எழுந்தது. சில மாதங்களுக்குக் கொடுத்த இடம் கைவிட்டுப் போயிற்றே என்று அரசு எண்ணியது. கூரை ஒழுகும் இடத்தில், எலிகள் நடுவே ஆயிரம் பேரை வைத்துவிட்டு அறம் செய்தோம் என்று சொல்லலாமா என்று குழு கேட்டது. கட்டடத்தைச் சீரமைத்து நிலையான உறைவிடமாக்க வேண்டும் என்று கோரி, 1984 செப்டம்பரில் ஸ்னைடரும் தோழர் சிலரும் உண்ணாநோன்பு தொடங்கினர்.

அந்நோன்பு 51 நாள் நீண்டது. அவ்வாண்டு அதிபர் தேர்தல் ஆண்டு. நவம்பர் 6 வாக்களிப்பு நாள். நவம்பர் 4ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை மாலை, ஸ்னைடரைப் பற்றிய நிகழ்ச்சி நாடெங்கும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாக இருந்தது. அன்றே, அக்கட்டடத்தை முன்மாதிரி உறைவிடமாக ஆக்குவதாக அதிபர் ரீகனின் அரசு உறுதியளித்தது, நோன்பு முடிந்தது.

கதை அத்துடன் முடிந்திருந்தால் இனிதாக இருந்திருக்கும். ஆனால் 'முன்மாதிரி' என்பதன் பொருள் யாது, செலவு எவ்வளவு, எவர் ஏற்பது என்று எவரும் எழுதி வைக்கவில்லை. ஒரு சொல்லுக்கு இருதரப்பும் இரு பொருள் கொண்டன. 1985இல் அரசு கட்டடத்தை மூட முற்பட்டது; வழக்கு நீதிமன்றம் சென்றது. மீண்டும் ஓர் உண்ணாநோன்பு நிகழ்ந்தது. இறுதியில் 1986இல் சீரமைப்புக்கு நிதியளிக்க அரசு இசைந்து, கட்டடத்தை வாஷிங்டன் மாவட்ட நிருவாகத்திற்கு மாற்றிக் கொடுத்தது. முப்பது ஆண்டுகள் வீடற்றோர்க்கே அதனைப் பயன்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தங்கும் பெரிய காப்பகமாக அது பல்லாண்டு விளங்கிற்று.

நோன்பு என்பது சமணர்க்குத் தம் வினையைத் தேய்க்கும் தவம்; பிறரை இசைவிக்கும் கருவி அன்று. ஆகவே ஸ்னைடர் கைக்கொண்ட முறையைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் அப்பூசல் விளைத்த பயன் பெரிது. 1987 மார்ச்சில் நாடாளுமன்ற உறுப்பினர் சிலர் தாமும் ஓர் இரவு தெருவில் படுத்து அத்துன்பத்தை அறிந்தனர். அவருள் ஒருவரான ஸ்டூவர்ட் மக்கின்னி அவ்வாண்டு மே மாதம் மறைந்தார். சூலை 22ஆம் நாள் கையெழுத்தான வீடற்றோர் உதவிச் சட்டம் அவர் பெயரையே தாங்கியது. அரசிடம் பயனின்றிக் கிடக்கும் கட்டடங்களையும் நிலங்களையும் பட்டியலிட்டு வெளியிட வேண்டும். அவற்றைக் கேட்டுப் பெறுவதில் வீடற்றோர்க்குத் தொண்டு செய்யும் அமைப்புகளுக்கு முன்னுரிமை உண்டு என்பது அச்சட்டத்தின் ஐந்தாம் பகுதி. உண்ணாநோன்பிருந்து பெற்றதை, அதன்பின் விண்ணப்பம் எழுதிப் பெறலாம் என்று ஆயிற்று.

டெக்சாஸ்: அண்டை வீட்டார் அச்சம்

உரிமையாளர் இசைந்தாலும் ஊர் இசைய வேண்டுமே என்னும் கவலை அடுத்து நிற்கிறது. டெக்சாஸ் மாநிலத்தின் கிளிபர்ன் நகரில் 1980இல் ஓர் அம்மையார் ஒரு வீட்டை விலைக்கு வாங்கினார். அறிவு வளர்ச்சி குன்றிய ஆடவரும் பெண்டிருமாகிய பதின்மூவர் சேர்ந்து வாழும் இல்லம் நடத்துவதற்கு ஒரு நிறுவனத்திற்குக் குத்தகைக்கு விடுதல் அவர் நோக்கம். தனி அனுமதி பெறவேண்டும் என்றது நகராட்சி; விண்ணப்பித்தபோது மறுத்தது. பக்கத்தில் பள்ளி இருக்கிறது, மாணவர் கேலி செய்வர். இடம் வெள்ளம் வரக்கூடிய பகுதி. அண்டையிலுள்ள முதியோர் அஞ்சுகின்றனர் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1985இல் தீர்ப்பு வந்தது. அதே இடத்தில் அடுக்குமாடி வீடோ மருத்துவமனையோ முதியோர் இல்லமோ அமைப்பதற்குத் தனி அனுமதி வேண்டுவதில்லை. வெள்ளம் வந்தால் அவர்க்கும் வருமே! மற்றவர்க்கு இல்லாத தடை இவர்க்கு மட்டும் ஏன் என்று நீதிமன்றம் வினவிற்று. அண்டையாரின் வெறுப்போ ஆதாரமற்ற அச்சமோ ஒருவர்க்கு வீடு மறுப்பதற்குரிய காரணம் ஆகாது என்று கூறி, இவ்வில்லத்தின்மேல் நகராட்சி சுமத்திய தனி அனுமதித் தடையைச் செல்லாது என்றது.

அவ்வில்லத்தில் வாழ இருந்தோர் தெருவில் உறங்கியவர் அல்லர். எனினும் வீடற்றோர் இல்லம் தொடங்கும்போதெல்லாம் எழும் அதே குரல்களே அங்கும் எழுந்தன. அச்சத்தைப் பழித்துப் பயனில்லை. அதற்குக் காரணம் உண்டா என்று ஆராய வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் நெறி. எத்தனை பேர் தங்குவர், இரவில் பொறுப்பாளர் எவர், குறை நேர்ந்தால் எவரிடம் சொல்வது என்பன முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பாதி அச்சம் நீங்கிவிடும்.

நியூயார்க்: கையெழுத்து யாருடையது?

பெருங்காப்பகங்கள் பலர்க்கு உயிர் காத்தன. ஆயினும் நீண்டநாள் தெருவில் கிடந்தோர், குறிப்பாக மனநோயால் துன்புறுவோர், அங்கு வரத் தயங்கினர். அக்கால நடைமுறை படிக்கட்டுப் போன்றது. முதலில் காப்பகம், குடிப்பழக்கம் விட்டு மருந்து உட்கொண்டால் இடைநிலை விடுதி, எல்லா விதிகளுக்கும் இணங்கினால் இறுதியில் வீடு. முதற்படியிலேயே வழுக்கி விழுந்தவர் மீண்டும் தெருவுக்கே சென்றனர்.

சாம் செம்பெரிஸ் என்னும் உளவியலார் நியூயார்க் நகரத் தெருக்களில் இத்தகையோரைத் தேடிச் சென்று உதவும் பணியில் இருந்தவர். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, வீடு வேண்டும் என்றே பெரும்பாலோர் விடையிறுத்தனர். 1992இல் அவர் 'வீட்டுக்கு வழி' என்று பொருள்படும் பெயருடைய நிறுவனத்தைத் தொடங்கினார். முதலில் வீடு, பிறகு மற்றவை என்பது அதன் கொள்கை. அந்நிறுவனம் புதுக்கட்டடம் எதுவும் கட்டவில்லை. ஊரெங்கும் உள்ள சாதாரண அடுக்குமாடிகளில் தனியார் வீடுகளையே வாடகைக்கு எடுத்தது.

ஆகவே திட்டத்தின் வெற்றி தோல்வி முழுவதும் வீட்டு உரிமையாளர் கையில் இருந்தது. தெருவிலிருந்து வரும் மனநோயாளர்க்கு எந்த உரிமையாளர் வீடு தருவார்? நிறுவனம் அவர்க்கு நல்லுரை சொல்லவில்லை, ஏற்பாடு சொல்லிற்று. வாடகை மாதந்தோறும் தவறாது வந்து சேரும். குடியிருப்பவர் தம் வருவாயில் முப்பது விழுக்காடு செலுத்துவார். எஞ்சியதை நிறுவனம் திரட்டும் உதவித்தொகை நிரப்பும். வேண்டுமாயின் ஒப்பந்தத்தில் நிறுவனமே கையெழுத்திட்டு, வீட்டை உள்வாடகைக்கு விடும். பணியாளர் குடியிருப்பவரை அடிக்கடி சென்று காண்பர். தொல்லை நேர்ந்தால் உரிமையாளர் நிறுவனத்தை அழைக்கலாம். ஓரிடம் பொருந்தாவிடில் அவரை வேறு வீட்டிற்கு மாற்றுவது நிறுவனத்தின் பொறுப்பு.

மற்றொரு நுட்பமும் அதில் இருந்தது. ஒரு கட்டடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இத்தகைய வீடுகளை எடுப்பதில்லை என்று வரையறுத்தனர். நூறு பேரை ஒரே கட்டடத்தில் வைத்தால் அது ஊரார் கண்ணில் காப்பகம். நூறு கட்டடங்களில் ஒருவராக வைத்தால் அவர் பக்கத்து வீட்டுக்காரர். டெக்சாஸில் நீதிமன்றம் வரை சென்ற அச்சம் பெரும்பாலும் இங்கே எழாமலே போயிற்று.

பயன் யாது? ஐந்தாண்டுக் காலத்தை அளந்து 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வில், இம்முறையில் வீடு பெற்றோருள் 88 விழுக்காட்டினர் வீட்டிலேயே நிலைத்திருந்தனர் என்று தெரியவந்தது. படிக்கட்டு முறையில் வந்தோருள் அவ்வாறு நிலைத்தவர் 47 விழுக்காடு. தகுதி வந்தபின் வீடு என்று காத்திருப்பதைவிட, வீடு கிடைத்தபின் தகுதி வளர்வது எளிது என்பதை அந்த எண்கள் உணர்த்தின.

கனடா: உரிமையாளர் சொன்ன உண்மைகள்

ஒரு நகரத்து வெற்றி மற்ற ஊர்களுக்கும் பொருந்துமா? கனடா நாடு இதனைப் பேரளவில் சோதித்தது. நடுவண் அரசு ஒதுக்கிய 11 கோடி டாலரைக் கொண்டு, 2009 முதல் 2013 வரை வான்கூவர், வின்னிபெக், டொராண்டோ, மாண்ட்ரியால், மாங்க்டன் ஆகிய ஐந்து நகரங்களில் ஏறத்தாழ 2,000 பேர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். குலுக்கல் முறையில் ஒருசாரார்க்கு முதலில் வீடு தரப்பட்டது. மற்றொரு சாரார் வழக்கமான உதவிகளைப் பெற்றனர். ஆய்வின் இறுதி ஆறு மாதங்களில் முதற்சாராருள் 62 விழுக்காட்டினர் முழுக்காலமும் வீட்டில் இருந்தனர். மற்றவருள் அவ்வாறிருந்தவர் 31 விழுக்காடு. முதற்சாராருள்ளும் 16 விழுக்காட்டினர் அக்காலத்தில் ஒருநாளும் வீட்டில் இருக்கவில்லை என்பதையும் அவ்வாய்வு மறைக்கவில்லை.

வீடு கொடுத்த உரிமையாளரிடமும் ஆய்வாளர் கருத்துக் கேட்டனர். உறுதியான வாடகை, வீடு வெறுமையாய்க் கிடவாமை, பிறர்க்கு உதவினோம் என்னும் நிறைவு ஆகியவற்றை அவர்கள் நன்மைகளாகக் கூறினர். குறைகளையும் ஒளிவின்றி உரைத்தனர். வீடு பெற்றவர் அமைதியாக இருந்தும் அவரைத் தேடி வருவோர் இரவில் கூடிக் கூச்சலிட்டனர். சிலர் வீட்டைச் சேதப்படுத்தினர். வேண்டிய வேளையில் நிறுவனப் பணியாளரைத் தொடர்பு கொள்ள இயலவில்லை. இவற்றுள் இறுதியில் உள்ளது கருதத்தக்கது. தொல்லை நேர்ந்ததைவிட, நேர்ந்தபோது தாம் தனித்து விடப்பட்டதே உரிமையாளரைப் பெரிதும் வருத்தியது. பணியாளர் உடனே வந்து தீர்த்து வைத்த இடங்களில், தொல்லை கண்ட உரிமையாளரும் உடன்பாட்டை முறித்துக்கொள்ள விரையவில்லை.

பிணையும் உரிமையும்

இக்குறைகளுக்கும் வழி காணப்பட்டது. சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் மாவட்டத்தில் 2009இல் உரிமையாளர்க்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் இடையே இணைப்புத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. வழக்கமான விதிகளைத் தளர்த்தி வீடு தரும் உரிமையாளர்க்கு, முன்பணத்தை மிஞ்சிச் சேதம் ஏற்பட்டால் ஈடுசெய்யப் பொதுநிதி வைக்கப்பட்டது. ஆரிகன் மாநிலம் 2014 முதல், அரசின் வாடகை உதவி பெறுவோரை அக்காரணத்திற்காகவே மறுத்தலாகாது என்று சட்டம் செய்தது. சட்டத்தால் கட்டளை மட்டும் இட்டு நிற்காமல், இயல்பான தேய்மானத்திற்கு மேற்பட்ட சேதத்திற்கு 5,000 டாலர் வரை ஈடு வழங்கும் ஏற்பாட்டையும் உடன் அமைத்தது. கடமையைச் சுமத்தும் அரசு அதன் சுமையிலும் பங்கேற்றல் முறையானது.

பின்லாந்து வேறொரு வழி கண்டது. அங்கு 1985இல் நகராட்சிகள், திருச்சபை, செஞ்சிலுவைச் சங்கம் முதலியன கூடி 'ஒய்' அறக்கட்டளையை நிறுவின. அது சாதாரணக் குடியிருப்புகளில் தனித்தனி வீடுகளை விலைக்கு வாங்கி, வீடற்றோர்க்கு வாடகைக்கு விட்டது. தொண்டு நிறுவனமே உரிமையாளர் ஆனதால் குத்தகைக் காலம் முடியுமோ என்னும் அச்சம் அற்றது. 2008 முதல் அரசும் இவ்வழியைத் தழுவியது. தலைநகர் ஹெல்சிங்கியில் 250 படுக்கைகள் கொண்டிருந்த இரட்சண்ய சேனையின் காப்பகம் 2012இல் ஏறத்தாழ 80 தனி வீடுகளாக மாற்றப்பட்டது. படுக்கை குறைந்தது, கதவும் சாவியும் உடைய மனிதர் மிகுந்தனர். 1980களில் இருபதாயிரத்தை நெருங்கியிருந்த அந்நாட்டு வீடற்றோர் தொகை, 2022இல் நான்காயிரத்துக்கும் கீழ் வந்தது.

நம் நாட்டில் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீடற்றோர் ஏறத்தாழ 17.7 இலட்சம் பேர். நகரங்களில் ஓர் இலட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம், ஆண்டு முழுதும் இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. 2013இல் தொடங்கிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் இதற்கென நிதி வழங்கப்பட்டது. சென்னையில் மாநகராட்சிக் கட்டடங்களில் தொண்டு நிறுவனங்கள் காப்பகங்களை நடத்துகின்றன. இங்குப் பெரும்பாலும் உரிமையாளர் அரசே. தனியாரும் அறக்கட்டளைகளும் இவ்வறத்தில் கால் வைத்தது மிகச் சிறிதே.

வரலாறு வைக்கும் வினாக்கள்

இலண்டன் சந்திலிருந்து ஹெல்சிங்கி வரை நிகழ்ந்தவற்றைத் தொகுத்து நோக்கினால், இடம் கேட்டு வரும் நிறுவனத்திடம் உரிமையாளர் வினவத் தக்கவை தெளிவாகின்றன. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் எவர், நிறுவனமா, குடியிருப்பவரா? நிதி நின்றுபோனால் வாடகைக்கும் குடியிருப்போர்க்கும் பொறுப்பு எவர்? பழுது பார்க்கும் செலவு எவரைச் சாரும்? நள்ளிரவில் அழைத்தால் வருபவர் எவர்? எத்தனை ஆண்டுக்கு இடம், முடிவில் குடியிருப்போர் எங்குச் செல்வர்? வாஷிங்டனில் இவ்விறுதி வினாவை எவரும் முதலில் கேளாமையால் இரண்டாண்டுப் பூசல் விளைந்தது.

இவ்வினாக்களுக்கு நேரிய விடை தரும் நிறுவனம் வந்தால் இடம் கொடுத்தல் தகும். விடை தர இயலாத நிறுவனத்திற்கு மறுத்தலும் அறமே. ஏனெனில் ஆறு மாதத்தில் மூடப்படும் காப்பகம், நம்பி வந்தவரை மறுபடியும் தெருவில் விடும். ஆனால் வினாவே எழுப்பாமல், "வீடற்றோரா? வேண்டா" என்று கதவடைத்தல் ஆராய்ந்து கூறிய மறுப்பு அன்று, அது வெறும் அச்சம்.

உறைவிடம் ஈதலை உணவுக்கும் மருந்துக்கும் ஒப்ப வைத்து எண்ணியது சமணம். உணவு ஒருபொழுது பசி தீர்க்கும். மருந்து நோய் தீரும் வரை உதவும். மழையும் வெயிலும் தாக்காத ஓரிடம், நாள்தோறும் திரும்பி வருவதற்கு உரியதாய் இருக்கும் ஓரிடம், மற்ற நலங்கள் அனைத்தும் ஊன்றி வளரும் நிலம். அன்று மலைக்குகையில் கற்படுக்கை வெட்டிக் கொடுத்தவர், வருபவர் எத்தனை நாள் தங்குவார், மழைநீர் எவ்வழி வடியும் என்பன எல்லாம் எண்ணியே கூரைப்பாறையில் நீர்வடி விளிம்பும் செதுக்கினர். இரக்கமும் கணக்கும் அங்கு ஒருங்கே நின்றன. இன்று மனையும் கட்டடமும் உடையோர் பின்பற்றத் தக்க நெறியும் அதுவே.